பெருகும் நகருக்கு இடம் ஒதுக்குவது எப்படி: நகர மன்றங்களுக்கான முழுமையான வழிகாட்டி

1811-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நகரம் அது. அதற்கு வடக்கே பண்ணைகள், பாறைகள், சதுப்பு நிலங்கள். அந்த ஆண்டில் மூன்று ஆணையர்கள் தீவின் வரைபடத்தில் 155-ஆம் தெரு வரைக்கும் கோடு போட்டு வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது பேராசையாகத் தெரிந்திருக்கும். 1900-இல் மன்ஹாட்டனில் மட்டும் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். அவர்கள் நடந்த தெருக்களில் பெரும்பாலானவை அந்தக் கோடுகள்தாம்.

அதே வரைபடத்தில் பெரிய பூங்கா எதுவும் இல்லை. சென்ட்ரல் பார்க்குக்கு நிலம் எடுக்க 1853-இல் சட்டம் இயற்றியபோது அந்த இடத்தில் ஏறத்தாழ 1,600 பேர் குடியிருந்தார்கள். கறுப்பின மக்கள் தங்கள் பணத்தில் நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் எழுப்பியிருந்த செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பும் அதற்குள் இருந்தது. எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

நகரத் திட்டமிடல் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு செய்திகளைத்தான். நிலம் காலியாக இருக்கும்போதே கோடு போட்டு வைத்ததால் தெருக்களுக்கு இடம் கிடைத்தது. அப்படி ஒதுக்காமல் விட்ட பூங்காவுக்கு, குடியிருந்த மனிதர்களை எழுப்பி இடம் எடுக்க நேர்ந்தது. கட்டடத்தை ஐம்பது ஆண்டு கழித்து இடித்துக் கட்டலாம். விதியை அடுத்த கூட்டத்திலேயே திருத்தலாம். தெருவின் அகலத்தையும் நீரின் வழியையும் மட்டும் தலைமுறைகள் கடந்த பின்னும் எளிதில் மாற்ற முடியாது. இந்த வழிகாட்டியில் வரும் படிகளின் வரிசை இதை மனத்தில் வைத்து அமைந்தது.

மன்ற உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எழுதுகிறேன். தன் நகரின் திட்டத்தைப் படித்துப் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்க விரும்பும் குடிமக்களுக்கும் இது உதவும்.

முதல் படி: இருக்கும் நகரை உள்ளபடி வரையுங்கள்

நிர்வாக எல்லை ஒன்று. மக்கள் வாழும் எல்லை வேறு. காலையில் எங்கிருந்து வேலைக்கு வருகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடிக்கொண்டு போனால் நகரின் உண்மையான எல்லை தெரியும். அது பெரும்பாலும் பக்கத்து உள்ளாட்சிகளுக்குள் நீளும். அவர்களோடு முதல் மாதத்திலேயே பேசத் தொடங்குங்கள். பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டால், உங்கள் எல்லைக்கு ஒரு மீட்டர் வெளியே நீங்கள் தடுக்க நினைத்ததெல்லாம் முளைத்திருக்கும்.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி வரைபடங்கள் வேண்டும்: இன்றைய நிலப் பயன்பாடு, நில உடைமை, மேடு பள்ளம், நீரோட்டம், தெருக்கள், குழாய்கள், ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் எண்ணிக்கை. செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும். கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைத் தெருவில் இறங்கி நடந்தால்தான் அறியலாம். அனுமதி பெறாத குடியிருப்புகளை வெற்று நிலமாகக் காட்டும் வரைபடத்தை எந்த மன்றமும் ஏற்கக் கூடாது. அங்கே வாழ்பவர்கள் வரைபடத்தில் இல்லையென்றால், பின்னால் அவர்கள் வீட்டின் மீது ஒரு சாலையையோ பேருந்து நிலையத்தையோ எவரும் மனம் உறுத்தாமல் வரைந்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: மக்கள்தொகையைக் கணியுங்கள்

கணிப்பில் மூன்று கூறுகள் உண்டு: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக இன்றைய மக்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு மூப்படையும், எத்தனை குழந்தைகள் பிறக்கும், எத்தனை பேர் இறப்பார்கள் என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். இந்தப் பகுதி ஓரளவு நம்பகமானது. இடப்பெயர்வு அப்படிப்பட்டதல்ல. ஒரு பெரிய தொழிற்சாலை வந்தாலும் மூடினாலும் கணக்கு தலைகீழாகும்.

பிரேசிலின் தலைநகராக 1960-இல் திறக்கப்பட்ட பிரசிலியாவை ஐந்து லட்சம் பேருக்கென்று திட்டமிட்டார்கள். 2022 கணக்கெடுப்பில் அந்தக் கூட்டாட்சி மாவட்டத்தில் 28 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அழகாக வரைந்த மையத்துக்கு வெளியே, சுற்றியுள்ள துணை நகரங்களில் வாழ்கிறார்கள். எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட். 1950-இல் அங்கே 18.5 லட்சம் பேர்; 2020-இல் சுமார் 6.4 லட்சம். எஞ்சியவர்கள் செலுத்தும் வரியில்தான், மூன்று மடங்கு மக்களுக்காக அமைந்த தெருக்களையும் குழாய்களையும் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒற்றை எண்ணை எந்த ஆலோசகரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளாதீர்கள். குறைந்த, நடுத்தர, உயர்ந்த வளர்ச்சி என்று மூன்று கணிப்புகள் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான அனுமானங்களை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிலத்தையும் தெருக்கோட்டையும் உயர்ந்த கணிப்புக்கு ஒதுக்குங்கள், ஏனெனில் கோடு போடுவதற்குச் செலவு குறைவு. குழாயையும் கட்டடத்தையும் நடுத்தரக் கணிப்புக்குப் படிப்படியாகக் கட்டுங்கள். கடனை மட்டும் குறைந்த கணிப்பை வைத்து வாங்குங்கள்.

எளிய கணக்கு ஒன்றை எல்லா உறுப்பினர்களும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 70-ஐ ஆண்டு வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். 2 விழுக்காடு வளர்ச்சி என்றால் 35 ஆண்டு. 3 விழுக்காடு என்றால் 23 ஆண்டு. ஒரு விழுக்காட்டு வேறுபாடு பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது.

இன்னொன்று, இலக்கை ஆண்டோடு கட்டிப்போடாமல் எண்ணிக்கையோடு இணையுங்கள். "2040-இல் இரண்டாவது சுத்திகரிப்பு நிலையம்" என்று எழுதுவதைவிட, "மக்கள்தொகை 12 லட்சத்தைத் தாண்டும்போது பணி தொடங்க வேண்டும், அதற்கான நிலம் இப்போதே வேண்டும்" என்று எழுதினால் கணிப்பு பிசகினாலும் திட்டம் பிசகாது.

மூன்றாம் படி: மக்களை வீடுகளாகவும் வீடுகளை நிலமாகவும் மாற்றுங்கள்

பல நகரங்கள் சறுக்கும் இடம் இது. மக்கள்தொகை 40 விழுக்காடு உயர்ந்தால் வீடுகளும் 40 விழுக்காடு கூடினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே வருவதை மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டாக, பத்து லட்சம் பேர் கொண்ட நகரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர் என்றால் இன்றைக்கு 2.5 லட்சம் வீடுகள். மக்கள்தொகை 14 லட்சமாகி, வீட்டுக்கு 3.5 பேர் என்று குறைந்தால் நான்கு லட்சம் வீடுகள் வேண்டும். மக்கள் கூடியது 40 விழுக்காடு. வீடுகள் கூட வேண்டியது 60 விழுக்காடு. மக்கள்தொகை சற்றும் உயராத நகரத்திலும் புது வீடுகள் தேவைப்படுவது இதனால்தான். பழுதாகி இடிக்கப்படும் வீடுகளுக்கு ஈடாகவும், ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்காகவும் இதற்கு மேலும் சிறிது சேர்க்க வேண்டும்.

இனி நிலம். நூறு ஹெக்டேர் வெறும் நிலத்தில் நூறு ஹெக்டேருக்கும் வீடு கட்ட முடியாது. தெருக்களுக்குக் கால் பங்குக்கு மேல் போகும். பூங்கா, பள்ளி, மருத்துவமனை, துணைமின் நிலையம் ஆகியவற்றுக்கு இன்னும் 15 முதல் 20 ஹெக்டேர். மீதி 55 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 55-இல் ஹெக்டேருக்கு நூறு வீடுகள் என்ற அளவில் கட்டினால் மொத்தம் 5,500 வீடுகள் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டு நகருக்குக் கூடுதலாக வேண்டிய 1.5 லட்சம் வீடுகளுக்கு ஏறத்தாழ 2,700 ஹெக்டேர் வேண்டும். அவற்றில் பாதியை ஏற்கெனவே உள்ள நகருக்குள்ளேயே கட்ட வழி செய்தால் வெளியே 1,360 ஹெக்டேர் போதும். நகருக்குள் கட்ட அனுமதிப்பதா என்ற விவாதத்தின்போது இந்த இரண்டு எண்களும் மேசைமேல் இருக்கட்டும். எத்தனை ஹெக்டேர் வயலும் காடும் பிழைக்கும் என்பதை அவைதாம் காட்டும்.

வேலை செய்யும் இடங்களுக்கும் இதே போலக் கணக்கிடுங்கள். வீடுகள் கிழக்கிலும் வேலைகள் மேற்கிலும் என்று பிரித்துவிட்டால், எவ்வளவு பெரிய பாலம் கட்டினாலும் காலை நெரிசல் தீராது.

நான்காம் படி: கட்டக் கூடாத இடங்களை முதலில் குறியுங்கள்

வழக்கமாக மன்றக் கூட்டங்களில் "எங்கே கட்டலாம்" என்றுதான் பேச்சு தொடங்கும். அதைத் திருப்பிப் போட வேண்டும். எங்கே கட்டக் கூடாது என்று முடிவு செய்த பிறகுதான் வரைபடத்தில் வண்ணம் தீட்டத் தொடங்க வேண்டும்.

முதலில் நீர். ஆறு, ஓடை, ஏரி, குளம், சதுப்பு, வெள்ளச் சமவெளி, நிலத்தடி நீர் ஊறும் பகுதி எல்லாவற்றையும் குறியுங்கள். கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைகளை விட்டுவிடாதீர்கள். அவற்றைத்தான் முதலில் மனை போடுவார்கள். இன்றைக்கு எத்தனை மீட்டர் அகலத்தில் தண்ணீர் ஓடுகிறது என்பதை வைத்து ஓடையின் எல்லையை வரையக் கூடாது; மேலே உள்ள வயல்கள் கூரையும் தாருமாக மாறிவிட்ட பிறகு எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிட்டு வரைய வேண்டும். மண் குடித்துக்கொண்டிருந்த மழை, கான்கிரீட்டின் மேல் விழும்போது அப்படியே வடிகாலுக்கு வரும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைக் காக்க 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். பெருமழைக் காலத்தில் மட்டும் நிறையும் தேக்கங்கள் அவை. மற்ற நாட்களில் வறண்ட தரை. தேக்கம் முழுவதுமாக நிரம்பினால் நீர் பரவக்கூடிய பரப்பு அத்தனையையும் அரசு வாங்கி வைக்கவில்லை. வாங்காமல் விட்ட ஓரங்களில் பிற்காலத்தில் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது தேக்கம் தன் பரப்பைக் கேட்டது; ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அணை உடையவில்லை. அது கட்டியவர்கள் எண்ணியபடியேதான் வேலை செய்தது. அன்றைக்கு அந்த ஓரங்களையும் வாங்கி வைத்திருந்தால் அங்கே தண்ணீர் புக வீடுகளே இருந்திருக்காது என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் மனம் ஆறுவதில்லை.

மூடிவிட்ட நீர்வழியைத் திரும்பத் திறக்கவும் முடியும். சியோல் நகரின் நடுவே ஓடிய சியோங்கெசியோன் ஓடையை மூடிச் சாலையாக்கி, அதன்மேல் உயர்மட்டச் சாலையும் கட்டியிருந்தார்கள். 2003-இல் இடிக்கத் தொடங்கி 2005-இல் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அதற்கான பணமும் துணிவும் எத்தனை நகரங்களுக்கு வாய்க்கும்?

அடுத்து, செங்குத்தான சரிவுகள், காடுகள், வளமான வேளாண் நிலம், தொல்லியல் இடங்கள். இவற்றைத் துண்டு துண்டாகக் காப்பதைவிடத் தொடர்ச்சியாகக் காப்பது நல்லது. 1947-இல் கோபன்ஹேகனுக்கு வரைந்த 'விரல் திட்டம்' இதற்கு நல்ல முன்மாதிரி. பழைய நகரம் உள்ளங்கை. ரயில் பாதைகளை ஒட்டி நகரம் ஐந்து விரல்களாக வெளியே நீளும். விரல்களுக்கு நடுவே வயலும் காடும் நகரின் உள்வரைக்கும் வரும். படத்தைப் பார்த்தவுடன் பள்ளிச் சிறுவனுக்கும் புரியும். அப்படி எளிதில் புரிவதும் அந்தத் திட்டம் இத்தனை காலம் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். எந்த இடத்தில் கட்டினால் திட்டத்தை மீறுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் படி: தெருக்களின் கோட்டைப் போடுங்கள்

விரிவாக்கப் பகுதியில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பெருஞ்சாலைகளுக்கு இடம் ஒதுக்குங்கள். கிலோமீட்டருக்கு ஒன்று என்றால், எந்த வீட்டிலிருந்தும் அதிகம் போனால் ஐந்நூறு மீட்டர் தொலைவில் ஒரு பெருஞ்சாலை இருக்கும். அதில் பஸ் ஓடும். அதன் அடியில் பெரிய குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகும். முப்பது மீட்டர் அகலம் என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு இதற்கு ஆகும் நிலம் ஆறு ஹெக்டேர். அதாவது மொத்த நிலத்தில் ஆறு விழுக்காடு மட்டுமே. இதை இன்று ஒதுக்காத நகரங்கள் இருபது ஆண்டு கழித்துக் கடைகளையும் வீடுகளையும் பாதியாக வெட்டிச் சாலையை விரிவாக்குகின்றன.

1859-இல் ஒப்புதல் பெற்ற பார்சிலோனா விரிவாக்கத் திட்டத்தில் இல்டெபோன்ஸ் செர்டா சாதாரணத் தெருவுக்கே இருபது மீட்டர் அகலம் கொடுத்தார். மோட்டார் வண்டி அப்போது இல்லை. தெருக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கட்டமும் 113 மீட்டர் சதுரம். மூலைகளைச் சாய்வாக வெட்டியிருந்தார். கட்டத்தின் இரண்டு பக்கங்களில் மட்டும் கட்டடம், நடுவே தோட்டம் என்பது அவர் எண்ணம். நில உடைமையாளர்கள் நான்கு பக்கமும் கட்டி, உள்ளேயும் நிரப்பிவிட்டார்கள். தோட்டங்கள் போயின, தெருக்கள் நின்றன. குதிரை வண்டி, டிராம், கார் எல்லாம் அவற்றில் ஓடின. இப்போது சில இடங்களில் காரை விலக்கி, அதே தெருக்களை மரங்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்து வருகிறார்கள். பொது நிலமாகக் குறித்தது பிழைத்தது; தனியார் மனைக்குள் விதியாக மட்டும் இருந்தது பிழைக்கவில்லை. உங்கள் திட்டத்தில் பூங்கா எங்கே இருக்கிறது என்று பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். விலைக்கு வாங்கலாம், பணம் வேண்டும். கையகப்படுத்தலாம், வழக்கு நடக்கும், கண்ணீரும் மிஞ்சும். மூன்றாவது வழி நிலத்தை ஒன்றுசேர்த்து மறுபடியும் பிரித்துக் கொடுப்பது. பிராங்க்பர்ட் நகரின் மேயர் பிரான்ஸ் ஆடிக்ஸின் முயற்சியால் 1902-இல் இதற்கென்றே அங்கே சட்டம் வந்தது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை இந்த முறையில்தான் பெருமளவு சீரமைத்தார்கள். அகமதாபாத்தின் நகரமைப்புத் திட்டங்களும் இதே வழியில் நடப்பவை.

முறை இதுதான். கோணல்மாணலான துண்டுகளாகப் பலரிடம் இருக்கும் நூறு ஹெக்டேரை ஒரே நிலமாகக் காகிதத்தில் சேர்க்கிறார்கள். தெரு, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கு முப்பது ஹெக்டேரும், விற்றுக் குழாய் போடும் செலவை ஈடுகட்டப் பத்து ஹெக்டேரும் எடுக்கிறார்கள். மீதி அறுபது ஹெக்டேரைச் சீரான மனைகளாக்கி, அவரவர் கொடுத்த விகிதத்தில், முடிந்தவரை பழைய இடத்துக்கு அருகிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு ஹெக்டேர் வைத்திருந்தவருக்கு 0.6 ஹெக்டேர்தான் கிடைக்கும்; ஆனால் அதற்குத் தெருவும் குழாயும் இருக்கும். சதுர மீட்டர் மதிப்பு இரண்டு மடங்கானால் அவரிடம் முன்பைவிட இருபது விழுக்காடு கூடுதல் மதிப்பு இருக்கும். யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை.

இதில் மூன்று குறைகள் நேரக்கூடும். மூன்றையும் முன்பே அடைக்க வேண்டும். மிகச் சிறிய மனை உள்ளவரிடம் நாற்பது விழுக்காட்டைப் பிடித்தால் அவருக்கு வீடு கட்டவே இடம் இராது. அவருக்கு விலக்கு கொடுங்கள். குத்தகைக்கு உழுதவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும் உடைமைப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டுமனையோ வீடோ அந்தப் பொது ஒதுக்கீட்டிலிருந்தே கிடைக்க வேண்டும். கடைசியாகக் காலவரம்பு. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால் நிலத்தை விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் குடும்பங்கள் தவிக்கும்.

ஆறாம் படி: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973-இல் இயற்றிய சட்டம், நகரங்கள் தங்களைச் சுற்றி வளர்ச்சி எல்லை வரைய வேண்டும் என்றது. போர்ட்லாந்து பெருநகரப் பகுதிக்கு அந்த எல்லை 1979-இல் வந்தது. எல்லைக்குள் எப்போதும் இருபது ஆண்டு வளர்ச்சிக்குப் போதுமான நிலம் இருக்க வேண்டும். குறைந்தால் அடர்த்தியைக் கூட்டவோ எல்லையை நகர்த்தவோ வேண்டும். இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு எல்லையை மட்டும் நகலெடுக்கும் நகரங்களில் வீட்டு விலை ஏறும், ஏழைகள் எல்லையைத் தாண்டி இன்னும் தொலைவுக்குப் போவார்கள்.

வெளியே கதவடைத்தால் உள்ளே கதவைத் திறக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு அனுமதி தந்தது. அதன் பிறகான ஆண்டுகளில் வீட்டுக் கட்டுமான அனுமதிகள் வெகுவாக உயர்ந்தன. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மன்றம் 2018-இல் நிறைவேற்றிய திட்டத்தில், ஒற்றை வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளில் மூன்று வீடுகள் வரை கட்ட இடம் கொடுத்தது. இவை அடுக்குமாடிக் காடுகள் இல்லை. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்குப் பதில் மூன்று குடும்பங்கள், அவ்வளவுதான்.

அடர்த்தியை எங்கே கூட்டுவது? போக்குவரத்து இருக்கும் வழியில். பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-இல் தொடங்கிய தனிப்பாதைப் பேருந்துகளை ஒட்டியே உயரமான கட்டடங்களை அனுமதித்தது. பாதையிலிருந்து விலக விலக உயரம் குறையும். பேருந்து நிறுத்தத்துக்கு நானூறு மீட்டர், ரயில் நிலையத்துக்கு எண்ணூறு மீட்டர் என்பது மக்கள் சலிக்காமல் நடக்கும் தொலைவு. அந்த வட்டங்களை வரைந்து அவற்றுக்குள் தாராளமாக இருங்கள்.

ஏழாம் படி: மண்டல விதிகள் எழுதுங்கள்

நியூயார்க்கில் 1915-இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் சுற்றியிருந்த தெருக்களை நிழலில் மூழ்கடித்தது. மறு ஆண்டே அந்த நகரம், எந்தப் பகுதியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகளை இயற்றியது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் இத்தகைய விதிகள் செல்லும் என்றது. வெளிச்சம், காற்று, தொழிற்சாலைப் புகையிலிருந்து பாதுகாப்பு என்று நல்ல நோக்கங்களோடு தொடங்கியவை, நாளடைவில் ஏழைகளை விலக்கி வைக்கும் வேலியாகவும் பயன்பட்டன. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் "இது யாரை எதிலிருந்து காக்கிறது?" என்று எழுதிப் பாருங்கள். விடை இல்லாத விதியை நீக்கிவிடலாம்.

மண்டலங்கள் குறைவாக இருக்கட்டும். ஜப்பான் முழுவதற்கும் பதின்மூன்று பயன்பாட்டு மண்டலங்கள்தாம். மிக அமைதியான குடியிருப்பு மண்டலத்திலும் வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு இடமுண்டு. கனரகத் தொழில் தவிர மற்ற இடங்களில் வீடும் கடையும் அலுவலகமும் கலந்து இருப்பதில் தவறில்லை. தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, தெரு அகலத்தோடு இணைத்துவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் தீரும். ஆறு மீட்டர் தெருவில் பத்து மாடி எழுந்தால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது.

வண்டி நிறுத்துமிடக் கட்டாயத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். ஒரு காரை நிறுத்தவும் திருப்பவும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். ஒரு சிறு குடும்பத்தின் வீட்டில் பாதி அது. கார் இல்லாதவரும் அதற்கான விலையை வாடகையில் கொடுக்கிறார். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் இந்தக் குறைந்தபட்சக் கட்டாயத்தை நகர் முழுவதும் நீக்கியது.

எட்டாம் படி: குழாயும் பணமும்

ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால், நம் எடுத்துக்காட்டு நகரில் கூடுதலான நான்கு லட்சம் பேருக்கு ஆறு கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும், 4.8 கோடி லிட்டருக்குச் சுத்திகரிப்புத் திறன் வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பெயர் சொல்லி எழுத முடியாத திட்டத்துக்கு ஒப்புதல் தராதீர்கள்.

பணத்துக்கு ஒரு நியாயமான வழி உண்டு. மன்றம் ஒரு தீர்மானம் போட்டு வயலை நகர்ப்புற நிலமாக்கினால் அதன் மதிப்பு பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு உடைமையாளர் எதுவும் செய்யவில்லை. கொலம்பியாவின் 1997 சட்டம், இப்படி ஏறும் மதிப்பில் 30 முதல் 50 விழுக்காட்டை நகராட்சிகள் பெறலாம் என்கிறது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனம் நிலையங்களின் மேல் கட்டடங்கள் எழுப்பி, அந்த வருவாயைக் கொண்டு பாதை அமைக்கிறது. இப்படி வரும் பணத்தில் ஒரு பங்கை எளியோர் வீடுகளுக்கென்று தனிக் கணக்கில் வையுங்கள். பொதுக் கணக்கில் போட்டால் அது காணாமல் போகும்.

ஒன்பதாம் படி: மக்களிடம் கேளுங்கள்

வரைவு முடிந்த பிறகு கூட்டும் கூட்டத்துக்குப் பெயர் அறிவிப்பு. கேட்பது என்றால் தெரிவுகள் திறந்திருக்கும்போது கேட்க வேண்டும். மேலே கணக்கிட்டோமே, 2,700 ஹெக்டேரா 1,360 ஹெக்டேரா என்று, அந்தக் கேள்வியை நேராக வையுங்கள். மக்கள் எண்களைக் கண்டு மிரளமாட்டார்கள். மறைத்தால்தான் சினம் கொள்வார்கள்.

பகல் பதினொரு மணிக்கு மாமன்றக் கூடத்தில் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்றவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் வருவார்கள். கூலி வேலைக்குப் போனவர், வாடகைக்கு இருப்பவர், கைக்குழந்தை உள்ள தாய் வரமாட்டார்கள். ஆகவே வரைபடத்தைச் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் எடுத்துக்கொண்டு போங்கள், மாலையில் போங்கள். இன்னும் ஒரு கூட்டத்தார் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள்: நாளைக்கு இந்த நகருக்குக் குடிவரப் போகிறவர்கள். அவர்களுக்காகப் பேச வேண்டிய கடமை மன்றத்துக்கு இருக்கிறது.

வந்த ஆட்சேபங்கள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை கொடுங்கள். ஏற்றால் எங்கே மாற்றினோம் என்று, ஏற்காவிட்டால் ஏன் என்று.

பத்தாம் படி: தீர்மானம் நிறைவேறிய பிறகு

திட்டங்கள் பெரும்பாலும் எதிர்ப்பால் சாவதில்லை, விதிவிலக்குகளால் சாகின்றன. இந்த ஒரு மனைக்கு மட்டும், அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் என்று மாதாமாதம் நிலப் பயன்பாடு மாறிக்கொண்டே வந்தால் ஐந்து ஆண்டில் வரைபடம் கந்தலாகிவிடும். மாற்றக் கோரிக்கைகளை ஆண்டுக்கு ஒரே ஒருமுறை, எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே வரைபடத்தில் போட்டுப் பரிசீலியுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது சிறிதாகத் தெரிவது சேர்த்துப் பார்க்கும்போது தெரிய வேண்டிய அளவில் தெரியும். நீர்வழிகளிலும் தெருக்கோடுகளிலும் மாற்றம் செய்ய வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று, சட்டம் இடம் கொடுத்தால், விதி செய்யுங்கள்.

சிங்கப்பூர் தன் முழுமைத் திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறது. அதே இடைவெளியை வைத்துக்கொள்ளலாம். எத்தனை வீடுகள் கட்டினோம், மூன்று கணிப்புகளில் எதை ஒட்டிப் போகிறோம், வாடகை எவ்வளவு ஏறியது, எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்ற நான்கு எண்களையாவது ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இன்னொரு வேலை, செலவு குறைந்தது, பெரும்பாலும் யாரும் செய்யாதது. திட்டம் அரசிதழில் வந்த மறுமாதமே நில அளவையாளர்களை அனுப்பி, ஒதுக்கிய ஒவ்வொரு தெருக்கோட்டிலும் ஓடைக் கரையிலும் பூங்கா எல்லையிலும் எல்லைக்கல் நடுங்கள். கற்களுக்கு எண் கொடுத்து, பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தந்தப் பகுதி உறுப்பினர் குடியிருப்போரோடு அந்தக் கற்களின் வழியே நடந்து போய், எது நிற்கிறது, எது காணவில்லை என்று குறித்துக்கொண்டு வந்து மன்றத்தில் படிக்கட்டும்.